எரியூட்டலும் காவலாமோ?

உயிர்களுக்கு ஊறு செய்யாமையே அறங்களுள் தலையாயதெனச் சான்றோர் கூறுப. அற்றேல், காட்டைக் காக்குங் கடன் பூண்டோர் தாமே அக்காட்டிற்குத் தீ மூட்டுதல் அறமாமோ என்பது ஈண்டு ஆராயப்புகுந்த வினா.

இவ்வினா வெறுங் கற்பனையன்று. ஆஸ்திரேலியாவின் வடபாலுள்ள மேலை ஆர்னம்லாந்துப் பீடபூமியிலும் அதனையடுத்த நிலங்களிலும், அந்நாட்டுத் தொல்குடி மக்கள் வார்டெகன், ஜெல்க் முதலிய காவற்குழுவினராய் அமைந்து, ஆண்டுதோறும் மழைக்காலங் கழிந்த அணிமையிற் புல்வெளிகளில் எரியூட்டுகின்றனர். அத்தீயிற் சிற்றுயிர்கள் மாயாவோவெனின், சில மாயும். அதனை மறைத்தல் வாய்மையன்று.

மாயினும் அது குற்றமாகாமை எவ்வாறெனின், கூறுதும். மழை நின்ற அணிமையிற் புல்லில் ஈரம் உண்டு. ஆகலின் தீ தாழ்ந்து மெல்லச் செல்லும்; பெரும்பாலும் இரவிற் பனி படத் தானே அவியும். எரிந்த இடமும் எரியாத இடமும் விரவிக் கிடத்தலின், உயிர்கள் ஒதுங்குதற்கு இடம் பெறும். 20-ஆம் நூற்றாண்டில் அம்மக்களுட் பலர் தம் நிலம் விட்டுப் பாதிரிமார் குடியிருப்புக்களிலும் நகரங்களிலும் சென்று தங்க, எரியூட்டுவார் அருகினர். அதனாற் காடு பிழைத்ததோ? இல்லை. கடைவேனிலில் எழுந்த பெருந்தீ தடுப்பாரின்றி நெடுந்தூரம் பரந்து, தீப்பொறாத அன்பினிக் மரச்சோலைகளையும் அழிக்கலாயிற்று. கைவிட்டமையே கேடாய் முடிந்தது.

2006-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை தோன்றிற்று. டார்வின் நகரத்து எரிவாயு ஆலையார், தம் ஆலைப் புகையால் வானிற்கு விளையுங் கேட்டிற்கு ஈடாகப் பொருளுதவ, காவலர் ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் முன்பருவச் சிறுதீயாற் பின்பருவப் பெருந்தீயைத் தடுத்து வரலாயினர். முதியோர் வழிவழி அறிந்த அறிவும், செயற்கைக்கோள் காட்டும் படங்களும் இப்பணிக்கு ஒருங்கே துணையாகின்றன.

அதே புல்லிற் கடைவேனிலில் ஒருவன் தீயிடின் அது பெருங்கேடாம். செயல் ஒன்றே, காலமும் இடமும் அறிந்த அறிவே வேற்றுமை செய்வது. ஆகவே, ஊறு செய்யாமை என்பது கைகட்டி வாளாவிருத்தலன்று. காக்குங் கடனுடையான் ஒன்றுஞ் செய்யாதிருத்தலும் ஒரு செயலே. அதன் பயனும் அவனையே சாரும்.

இதனைக் கொண்டு, ஊறு செய்வாரெல்லாம் தம்மைக் காவலரெனக் கூறிக்கொள்ளலாமோவெனின், ஆகாது. தான் மூட்டிய தீயின் விளைவை, மறுவாண்டும் அந்நிலத்தே நின்று தன் கண்ணாற் கண்டு, அதற்கு விடையிறுப்பவனுக்கே அவ்வுரிமை உண்டு, ஏனையோர்க்கு இல்லையென்க.