பட்டா இல்லாத நிலம்

நல்ல காரியம் ஒன்று நடைபெறும்போது அதன் பாரத்தை யார் சுமப்பது என்பது பழைய கேள்வி. சுமப்பவர் வாயில்லாதவராக இருந்தால், பாரமே இல்லை என்று நாம் எண்ணிவிடலாமா என்பது அதனினும் கடினமான கேள்வி. இவ்விரண்டையும் இன்று மின்கம்பி ஒன்று நம்முன் வைத்திருக்கிறது.

பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைக் கடந்தால் கரூர் மாவட்டம். புகளூர் அருகிலேயே இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர் தூரம், 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் கொண்டுவரும் பெரும்பாதை அவ்வூரின் பெயரையே தாங்கியிருக்கிறது. இத்தகைய பாதைகளின் கோபுரங்கள் விளைநிலங்களில் ஊன்றப்பட்டபோது கொங்கு நாட்டு உழவர்கள் வாளாவிருக்கவில்லை. 2018 டிசம்பரில் நாமக்கல், ஈரோடு, திருப்பூர் முதலிய மாவட்டங்களில் போராடினார்கள். கம்பியைச் சாலையோரமாக மண்ணுக்கடியில் புதைக்கலாகாதா என்று கேட்டார்கள். அது நடவாத காரியமன்று. 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட புகளூர் - திருச்சூர் பாதை, கேரளத்தில் சுமார் 27 கிலோமீட்டர் தூரம் மண்ணுக்கடியில்தான் செல்கிறது.

ராஜா வாய்க்கால் நீரில் கொடிக்காலும் வாழையும் தழைக்கும் வேலூர்ச் சீமையில் ஒவ்வொரு சென்ட் நிலத்துக்கும் பட்டா உண்டு. பட்டாவுக்கு உடையவர் உண்டு; உடையவர்க்கு வாய் உண்டு. இழப்பீடு போதாதென்றாலும் அதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். ஆனால் கம்பி கடலடியில் செல்லுமானால் யார் வந்து கேட்பது?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. கடலில் காற்றாலை அமைக்கும் கொள்கையை இந்திய அரசு 2015இல் வெளியிட்டது. 2024 ஜூனில் தமிழகக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட் அளவுக்கு நிதியுதவித் திட்டமும் ஒப்புதல் பெற்றது. தமிழகத்தில் இதற்கெனக் கண்டறியப்பட்ட கடற்பகுதி மன்னார் வளைகுடாவைச் சார்ந்தது. 21 தீவுகளும் பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் உடைய அவ்வளைகுடாவின் தீவுப் பகுதி 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆவுளியா என்று கடலோர மக்கள் அழைக்கும் கடற்பசு அந்தப் புல்லை மேய்ந்தே உயிர் வாழ்கிறது.

காற்றாலையின் மின்சாரம் கரை சேரக் கம்பி வேண்டும். கடலடியைக் கலப்பை போன்ற கருவியால் கீறியோ, நீரைப் பீய்ச்சிக் குழைத்தோ, ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் அதைப் புதைக்கிறார்கள். அப்போது கிளம்பும் சேறு வெளிச்சத்தை மறைக்கிறது. பவளத்தின் மேலும் புல்லின் மேலும் படிகிறது. மணற்பாங்கான தரை சில ஆண்டுகளில் தேறிவிடுவதுண்டு. கடற்புல்லும் பவளமும் அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. திருக்கை இனங்கள் அதனருகில் நடமாட்டத்தை மாற்றிக்கொள்வதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அது எவ்வளவு தீங்கு என்பது இன்னும் முடிந்த முடிபன்று. முடிவு தெரியாமையைத் தீங்கின்மை என்று படிப்பதுதான் பிழை.

கடலடி யாரும் அறியாத பாழ்வெளியுமன்று. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் முன்னோர் முத்தும் சங்கும் எடுத்த கடல் அது. முத்து விளையும் திட்டுகளைப் ‘பார்’ என்று அழைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். பட்டா இல்லை என்பதற்காக அது பெயரில்லாத நிலமாகிவிடவில்லை.

அப்படியானால் காற்றாலையே வேண்டாம் என்போமா? அதுவும் நேர்மையாகாது. காவிரியின் மேற்புறம் மேட்டூரிலும், மன்னார் வளைகுடாவின் கரையில் தூத்துக்குடியிலும் நிலக்கரி எரிகிறது. அதிலிருந்து எழும் கரியமில வாயுவின் பங்கும் சேர்ந்தே கடலைச் சுடவைக்கிறது. 2016இல் அவ்வளைகுடாவின் பவளங்கள் வெளுத்து மாண்டன. கம்பியை மறுத்துவிட்டுக் கரியை எரிப்பவன் கடலைக் காத்தவனாக மாட்டான்.

எனவே கேள்வி ‘வேண்டுமா, வேண்டாமா’ என்பதன்று, ‘எவ்வாறு’ என்பதே. இதற்கு நம் குடும்பங்களுக்குப் பழக்கமான அளவுகோல் ஒன்று உண்டு. எத்தீமின் சொத்தைக் காப்பவர் தம் சொத்தைவிடக் கூடுதல் கவனத்தோடு அதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று சிறுவயது முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஏன் கூடுதல்? சொத்துக்குரிய குழந்தையால் கணக்குக் கேட்க முடியாது என்பதனால்தான். கேட்பார் இல்லாத இடத்தில் பொறுப்பு குறைவதில்லை, வளர்கிறது. கடலடியும் அப்படிப்பட்ட ஓர் அமானிதமே.

அந்தக் கணக்கு எப்படி இருக்க வேண்டும்? கம்பி செல்லும் வழியைக் குறிக்குமுன் புல்வெளியையும் பவளத்தையும் அளந்து, அவற்றை விலக்கிச் செல்ல வேண்டும். கரையேறும் இடத்தில் மணலைப் பிளக்காமல் ஆழத்தில் துளையிட்டுக் கொண்டுவர வேண்டும். மீனவர்களையும் சங்கு குளிப்போரையும் முன்னரே கேட்க வேண்டும். புதைத்த பின் பல ஆண்டுகள் கடலடியைக் கவனித்து, கண்டதை மக்கள் அறிய வெளியிட வேண்டும். இவற்றால் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவு மின்சாரத்தின் உண்மையான விலையில் ஒரு பகுதியே.

அவ்விலையில் பங்கு கொள்ள வேண்டியவர்கள் விளக்கேற்றும் நாமே. காவிரிக்கரை வீட்டுக்கு வரும் வெளிச்சம் எந்தக் கடலைக் கீறி வந்தது என்று நம் பிள்ளைகள் கேட்டால், கணக்கைக் காட்டும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.