ஒலிப்பதிவும் உள்ளத்து நேர்மையும்

கைக்கு எட்டாத பொருள் மனிதனின் ஒழுக்கத்தைச் சோதிப்பதில்லை. எட்டிய பொருளே சோதிக்கிறது. பூட்டிய வீட்டினுள் ஒருவன் புகாதிருப்பது பூட்டின் பெருமையாகவும் இருக்கலாம். திறந்து கிடக்கும் வீட்டைக் கடந்து செல்பவனின் பெருமையோ அவனுக்கே உரியது. அறிவியல் ஒவ்வொரு காலத்திலும் சில பூட்டுகளைத் திறந்துவிடுகிறது. திறந்த கதவு ஒவ்வொன்றின் முன்னும் மனிதன் ஒரு புதிய வினாவுக்கு விடை கூற வேண்டியவனாகிறான்.

எளிய வருவாயுடைய இளைஞரும் தம் இல்லத்தில் இருந்தபடியே மின்கித்தார் இசையைக் கணினியில் பதிவு செய்ய இயலும் காலம் இது. இசைத் துறையினர்க்கு மட்டுமே உரிய செய்தி போல் இது தோன்றலாம். ஆயினும் இதனுள் அறநூலார் ஆராயத்தக்க வினா ஒன்று அடங்கியுள்ளது. தவறியதை எவ்வளவு வேண்டுமாயினும் திருத்தலாம் என்னும் நிலை வந்த பின், எவ்வளவு திருத்துவது நேர்மை?

முன்னாளில் இவ்வினா பெரிதாக எழவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்கள் மணிக்கணக்கில் கட்டணம் பெற்றன. கூடத்தினுள் நுழையும் கலைஞன் வீட்டில் பன்முறை பயின்ற பின்னரே நுழைந்தான். ஒவ்வொரு பிழைக்கும் பணம் கரைந்தமையால் பிழைக்கு அஞ்சினான். கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்த பதிவாளரின் செவி அவனைக் காவல் காத்தது. செலவும் கூச்சமும் ஆகிய இரண்டும் கலைஞனுக்குப் புறத்தே நின்ற ஆசிரியர்களாய் விளங்கின எனலாம்.

இன்று அவ்விரண்டும் விலகிவிட்டன. மின்கித்தாரின் எஃகுக் கம்பி அதிரும்போது, அதன்கீழ்க் காந்தத்தைச் சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. கித்தாருக்கும் கணினிக்கும் இடையே நிற்கும் ஒரு சிறு பெட்டி அதனை ஏற்கிறது. அதனை ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என வழங்குவர். ஒரு நொடியில் 44,100 முறையோ அதனினும் மிகுதியாகவோ அவ்வோட்டத்தை அளந்து, எண்களாக மாற்றிக் கணினிக்கு அது தருகிறது. பெரிய ஒலிபெருக்கியும், அதன்முன் வைக்கும் ஒலிவாங்கியும், சுவருக்கு மெத்தையிட்ட அறையும் தேவையில்லை. பெருக்கியின் முழக்கத்தையும் அதன் பெட்டியின் அதிர்வையும் மென்பொருளே படைத்துத் தருகிறது. செவிப்பொறியை அணிந்து வாசிப்பவனால் அடுக்குமாடி வீட்டின் அண்டை அயலார் உறக்கமும் கெடுவதில்லை. பழைய கித்தார் ஒன்று, வீட்டுக் கணினி ஒன்று, சிறு பெட்டி ஒன்று, செவிப்பொறி ஒன்று: இவையே போதும்.

இவற்றினும் விலை குறைந்தவை சில உள்ளன. அவற்றின் பயனோ மிகப் பெரிது. சுருதியைச் செம்மையாகச் சேர்த்தல், மழுங்கிய கம்பிகளை மாற்றுதல், இரைச்சல் எழுப்பும் மின்கருவிகளினின்று விலகி அமர்தல், ஒலியளவை உச்சத்தைத் தொடாமல் அடக்கி வைத்தல் ஆகியனவே அவை. நுழைவாயிலிலேயே அளவு மீறிச் சிதைந்த ஒலியைப் பின்னர் முழுமையாகச் சீராக்க வழியில்லை. எனவே சிக்கனம் என்பது கவனத்தையும் குறைத்துக்கொள்வது அன்று. பொருள் குறைந்த இடத்தைக் கவனத்தால் நிரப்புவதே சிக்கனம்.

எளிய கருவியால் உயர்ந்த இசை பிறக்குமா என ஐயுறுவோர்க்கு வரலாறு விடை கூறுகிறது. அமெரிக்கக் கித்தார்க் கலைஞர் லெஸ் பால், 1951ஆம் ஆண்டில் ‘ஹவ் ஹை தி மூன்’ என்னும் பாடலைத் தம் மனைவி மேரி ஃபோர்டுடன் இணைந்து இல்லத்திலேயே பதிவு செய்தார். அஃது அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1976இல் வெளிவந்த ‘பாஸ்டன்’ குழுவின் முதல் இசைத்தட்டின் பெரும்பகுதி, பொறியாளரான டாம் ஷோல்ஸ் தம் வீட்டின் நிலவறையில் பதிவு செய்ததாகும். 2017இல் கென்ட்ரிக் லமாரின் இசைத் தொகுப்பில் இடம்பெற்ற ஒரு பாடலுக்கு, ஸ்டீவ் லேசி என்னும் இளைஞர் கித்தாரைத் தம் கைப்பேசியில் இணைத்தே இசை அமைத்தார். கருவியின் விலை கலையின் தரத்தை முடிவு செய்வதில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

எனினும் இவ்வரலாற்றில் ஊன்றிக் காணத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. லெஸ் பால் ஒலிநாடாவில் ஓர் ஒலியின்மேல் மற்றோர் ஒலியை அடுக்கும் முறையைக் கையாண்டார். அவர் மாற்றியமைத்த கருவியில் புதிய அடுக்கைச் சேர்க்கும்போது பழைய பதிவு அழிந்து, இரண்டும் கலந்த பதிவே எஞ்சும். பத்தாம் அடுக்கில் ஒரு விரல் தவறின் முன்னைய ஒன்பதும் வீணாகும். தொடக்கத்தினின்று மீண்டும் வாசிக்க வேண்டும். வீடு அவருடையது, நேரமும் அவருடையது, ஆயினும் கருவியே அவரைக் கண்டித்தது. இக்காலக் கணினியோ எவரையும் கண்டிப்பதில்லை. நூறு முறை வாசித்தாலும் நூறையும் காத்து வைக்கிறது. தவறிய சுரத்தைப் பெயர்த்தெடுத்து மற்றொன்றை வைக்கிறது. தாளம் பிறழ்ந்ததைக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்துகிறது. மெல்ல வாசித்ததை விரைவாக்கித் தருகிறது. கடைசிப் பூட்டும் திறந்துவிட்டது.

இத்திருத்தங்கள் அனைத்தும் பொய் எனத் தள்ளுவோர் உண்டு. விரல் வாசித்தது மட்டுமே உண்மை என்பது அவர்தம் கொள்கை. இதற்கு எதிர்முனையில் நின்றவர் கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்ட். கருவி வேறெனினும் வினா ஒன்றே. 1964இல் மேடைக் கச்சேரியை முற்றும் துறந்த அவர், 1966இல் எழுதிய கட்டுரையொன்றில் ஒட்டி இணைக்கும் முறைக்காக வாதிட்டார். பாக் இயற்றிய ஓர் இசையுருவை அவர் பன்முறை வாசித்துப் பதிந்தார். பதிந்தவற்றுள் பிழையற்றவையாய் அமைந்த இரண்டில், ஒன்று மிகக் கனத்தும் மற்றொன்று மிகத் துள்ளியும் இருந்தன. இரண்டையும் தக்க இடங்களில் வெட்டி இணைத்தபோதுதான் அவர் விரும்பிய முழுமை கிட்டியது. அவர் திருத்தியது பிழையை மறைப்பதற்காக அன்று. கருத்தை நிறைவு செய்வதற்காக.

கூல்டின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கவிஞன் ஒரு சொல்லை அடித்துவிட்டு மறுசொல் எழுதினால் அவனைப் பொய்யன் என எவரும் கூறுவதில்லை. சிற்பியின் உளி சறுக்கிய இடத்தை மெருகிட்டு மறைத்தலும் குற்றமாகாது. ஒலிப்பதிவும் அங்ஙனம் ஆக்கப்படும் ஒரு படைப்பே எனின், அதனையும் செதுக்கலாம் அன்றோ?

செதுக்கலாம். ஆயின் ஓர் எல்லைக்கு உட்பட்டே செதுக்கலாம். அவ்வெல்லை திருத்தத்தின் அளவில் இல்லை. கேட்பவர்க்குக் கலைஞன் அளிக்கும் வாக்கில் உள்ளது. பாடலை இயற்றி, ஒலிகளைச் சேர்த்து, ‘இஃது என் படைப்பு’ என ஒருவன் வழங்கும்போது, அவன் தரும் வாக்கு அப்படைப்பைப் பற்றியதே. அதனுள் பத்து முறை வாசித்தவற்றின் நல்ல பகுதிகள் கோக்கப்பட்டிருப்பினும் எவரும் ஏமாறவில்லை. லெஸ் பாலும் சில பகுதிகளை மெல்ல வாசித்துப் பதிந்து, விரைவாக ஒலிக்கச் செய்ததுண்டு. அவ்வகைப் பதிவுகளைத் தாங்கி 1950இல் வந்த இசைத்தட்டுத் தொகுப்புக்குப் ‘புதிய ஒலி’ எனப் பொருள்படும் பெயரே சூட்டப்பட்டது. விரலின் வேகமாக அன்றி, ஒலியின் புதுமையாகவே அஃது உலகின்முன் வைக்கப்பட்டது.

இனி, இசைப் போட்டியொன்றுக்கு ஒலிப்பதிவு அனுப்பும் மாணவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் அனுப்புவது படைப்பு மட்டும் அன்று. ‘என் விரல்கள் இதனை வாசிக்க வல்லன’ என்னும் உறுதிமொழியும் ஆகும். மெல்ல வாசித்ததை விரைவாக்கியும், பிறழ்ந்த தாளத்தை எந்திரத்தால் நேராக்கியும் அனுப்புவானாயின், ஒலி இனிதாயினும் உறுதிமொழி பொய்யாகிறது. அருகிருந்து உண்மையாக வாசித்து அனுப்பிய வேறொரு மாணவன் அதனால் பரிசை இழக்கக்கூடும். பிறர்க்குத் தீங்கு விளைக்காத சொல்லே வாய்மை என வரையறுத்தார் வள்ளுவர். திருத்தம் எவ்விடத்தில் பொய்யாகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த அளவுகோல் வேண்டுவதில்லை. ஒரே கருவி, ஒரே திருத்தம். ஓரிடத்தில் கலை, மற்றோரிடத்தில் களவு. வேறுபாடு வாக்கில் உள்ளது.

களவு என்னும் சொல் வந்தமையால், சிக்கனத்தின் பெயரால் நிகழும் மற்றொன்றையும் ஈண்டுக் கருத வேண்டும். பதிவு மென்பொருள்களைப் பூட்டுடைத்து விலையின்றிப் பெறும் வழக்கம் இளைஞரிடையே பரவியுள்ளது. ‘வசதியில்லாதவன் வேறு என் செய்வான்?’ என்பது அவர்தம் விடை. வறுமை இரங்கத்தக்கது, ஆயின் இவ்விடத்தில் அவ்விடை பொருந்தாது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆடாசிட்டி’ விலையின்றியே கிடைக்கிறது. பெருக்கியின் ஒலியைப் படைக்கும் மென்பொருள்களுள்ளும் விலையின்றி வழங்கப்படுவன உண்டு. நேர்வழி இருக்கக் குறுக்குவழி நாடுவதற்கு வறுமை காரணமாகாது. மேலும், தன் பாடலைப் பிறர் விலை கொடுத்துக் கேட்க வேண்டும் என விரும்பும் கலைஞன், பிறர் உழைப்பை விலையின்றிக் கவர்வது முரண் அன்றோ?

‘ரீப்பர்’ என்னும் பதிவு மென்பொருள் இவ்வகையில் எண்ணத்தக்க எடுத்துக்காட்டாகும். அதனை 60 நாள்கள் விலையின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பின்னர் 60 அமெரிக்க டாலர் செலுத்தி, எளிய வருவாயினர் அதன் உரிமத்தைப் பெறலாம். வியப்பு யாதெனின், 60 நாள்கள் கழிந்த பின்னும் அது தன் கதவை மூடுவதில்லை. ‘இன்னும் உரிமம் பெறவில்லை’ எனத் திறக்குந்தோறும் நினைவூட்டிவிட்டு வழிவிடுகிறது. பூட்டு இல்லை; காவலர் இல்லை; நினைவூட்டும் ஒரு சொல் மட்டுமே உண்டு. அச்சொல்லை அறுபத்தோராம் நாள் படிப்பவன் என்ன செய்கிறான் என்பதை எவரும் காண்பதில்லை. அவன் காண்கிறான். பிறர் பொருளைக் கவர உள்ளத்தால் நினைத்தலும் தீது என வள்ளுவர் கள்ளாமையில் உரைத்தது, இவ்வாறு எவரும் காணாத இடத்தை எண்ணியே போலும்.

பிறரை ஏமாற்றுவதினும் பெரிய இழப்பு ஒன்று எஞ்சியுள்ளது. அது தன்னைத் தான் ஏமாற்றுதல். கடினமான நான்கு அளவுகளை வாசிக்க இயலாத இளைஞன், ஒவ்வொரு சுரமாகப் பதிந்து ஒட்டிவிடுகிறான். மீண்டும் கேட்கும்போது தான் வாசித்ததாகவே மகிழ்கிறான். நாளடைவில் ஒட்டும் கை வளர்கிறது. வாசிக்கும் கை தேய்கிறது. சிலப்பதிகாரத்தின் மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என இளங்கோவடிகள் காட்டுகிறார். அவ்வேழாண்டில் அவள் பெற்றது ஆடும் திறன் மட்டும் அன்று. எது தன்னால் இயலும், எது இயலாது என அறியும் தெளிவுமாகும். திருத்தத்திலேயே வாழ்பவன் இழப்பது அத்தெளிவையே.

ஆதலின் கணினியைப் பகையெனக் கருத வேண்டுவதில்லை. அது நல்ல கண்ணாடி. வாசித்ததை வாசித்தவாறே காட்ட வல்ல ஆசிரியர் அதனினும் அரியர். பயிலும் மாணவன் முதலில் ஒரு முறை முழுவதும் வாசித்துப் பதிந்து, அதனைத் திருத்தாமல் செவிமடுத்தல் வேண்டும். எங்கே தாளம் தளர்ந்தது, எங்கே கம்பி உரசியது என அறிந்து, அவ்விடத்தை எந்திரத்தால் அன்றி விரலால் திருத்துதல் வேண்டும். விரல் கைவந்த பின் எந்திரத்தின் துணையைக் கொள்ளுதல் படைப்பாகும். கைவராத முன் கொள்ளுதல் மறைப்பாகும்.

எல்லாத் திருத்தமும் மெருகேற்றுவதுமில்லை. 1982இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டில், நான்கு தடங்கள் கொண்ட எளிய ஒலிநாடாக் கருவியில் சில பாடல்களை மாதிரிக்கெனப் பதிவு செய்தார். பின்னர்ப் பெரிய கூடத்தில் இசைக்குழுவுடன் அவற்றை மீண்டும் பதிந்து பார்த்தபோது, முதற்பதிவின் உணர்வு அங்கே வாய்க்கவில்லை. எனவே வீட்டில் பதிந்த அந்நாடாவே ‘நெப்ராஸ்கா’ என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது. கரடுமுரடாய் இருந்தது அதன் குறை அன்று. அதுவே அதன் உண்மை.

இவ்வினா கித்தாரோடு முடிவதும் அன்று. கட்டுரை எழுதும் மாணவன் கையிலும், பாடம் ஆயத்தம் செய்யும் ஆசிரியர் கையிலும் இன்று திருத்தித் தரும் கருவிகள் வந்து சேர்ந்துள்ளன. அவர்களையும் முன்னர்த் தடுத்தவை செலவும் கூச்சமும் உழைப்பின் அருமையும் ஆகும். அவை விலகியபின் எஞ்சுவது வாக்கு ஒன்றே. ‘இஃது என்னுடையது’ எனக் கூறும்போது எதனை உறுதியளிக்கிறோம் என ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். பள்ளி கற்பிக்க வேண்டியதும் இக்கேள்வியையே. புறத்துப் பூட்டுகள் ஒவ்வொன்றாய்த் திறக்கும் காலத்தில், அகத்தே ஒரு காவலை அமைத்துக் கொடுத்தலே கல்வியின் கடன்.