சோறிட்டால் சிறை!

கட்டளையிடுபவன் ஒருவன், அதை நிறைவேற்றும் கைகளோ ஆயிரம். அவை அசைய மறுத்தால் கட்டளை வெறுங் காகிதம்! இதனை அறியாதார் யார்? அறிந்திருந்தும், "மேலிடத்து உத்தரவு, நான் என் செய்வேன்?" என்கின்றனரே, அந்த விடை அறத்தின் மன்றத்திலே செல்லுமா?

1942 ஜூலை 16, 17 ஆகிய இரு நாட்களிலே, பாரிசு நகரில் ஏறத்தாழ 13,000 யூதர்கள் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் 4,000க்கு மேற்பட்டோர் குழந்தைகள். கதவைத் தட்டியவர் யார்? செருமானியப் படையினரா? அல்ல, பிரெஞ்சுக் காவலர்! அதே பிரான்சிலே, லெ ஷம்போன் எனும் மலைச் சிற்றூரின் உழவரும் ஆசிரியரும், தேடி வந்த யூதரைத் தம் வீடுகளில் மறைத்து வைத்துக் காத்தனர். அவர்கட்கு வழிகாட்டியவர் ஆந்திரே திரோக்மே என்ற பாதிரியார். பகுத்தறிவாளராகிய நாம் அதனை மறைக்க வேண்டியதில்லை. அங்கும் உத்தரவு இருந்தது. சிறையும் சாவும் இருந்தன.

பிரான்சு தொலைவு. நம் மன்னார்குடிச் சாலையோ அருகில்!

1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து நூறு பேர் அளவிலான உப்புப் படை வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டது. தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என நடந்து 28ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் துரை படையினரைத் தடுக்கவில்லை, சோற்றைத் தடுத்தார்! உணவோ உறைவிடமோ தருவோர்க்குச் சிறை என்று ஊர்தோறும் பறையறைவித்தார். நெல் விளையும் நாட்டிலே சோறிடுதல் குற்றம்!

மக்கள் என் செய்தனர்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளிலே தொங்கவிட்டனர். கும்பகோணத்திலே பந்துலு அய்யர் வெளிப்படையாகவே விருந்தளித்தார், சிறை புகுந்தார். அவர் பெயர் ஏட்டிலே உண்டு. மரத்திலே பொட்டலம் கட்டிய கையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

காவிரிக் கரையிலே அன்னதானம் புதிதன்று. சத்திரம் எத்தனை, கல்வெட்டு எத்தனை! ஆனால் அங்கே இட்ட சோற்றுக்குப் புண்ணியம் என்றொரு வட்டி உண்டு. சுவர்க்கத்தில் இடம் உண்டு. மரக்கிளைச் சோற்றுக்கு வட்டி என்ன? அகப்பட்டால் ஆறு மாதம்! கைம்மாறு கருதாத அறம் எது என்று கேட்கும் இளைஞர்க்கு நாம் காட்டக்கூடியது அந்தப் பொட்டலத்தைத்தான்.

வேதாரண்யத்திலே வைரப்பன் என்றொரு முடிதிருத்தும் தோழர். முகம் மழித்துக்கொண்டிருந்தவன் காவலன் என்றறிந்ததும், பாதியிலே கத்தியை மடக்கினார். அதற்காகச் சிறை சென்றார். சாதிக் கட்டை மீறியவனுக்கு நாவிதனையும் வண்ணானையும் நிறுத்துவது ஊர்ப் பெரியவர்கள் கையாண்ட ஆயுதம். கீழோரை ஒடுக்கவே பயன்பட்ட அந்த ஆயுதத்தைப் பேரரசின் பக்கம் திருப்பினார், ஏவலுக்கு இருந்தவர் என்று எண்ணப்பட்ட ஒருவர்!

அப்படையின் தலைவர் இராசகோபாலாச்சாரியார். அவரே 1953இல் முதலமைச்சராக இருந்து, பள்ளி அரைநாள், மீதி நேரம் தகப்பன் தொழில் என்றார். வைரப்பன் மகனும் கத்தியைத்தானே பிடிக்கவேண்டும் என்பது அதன் பொருள்? அத்திட்டம் 1954இல் வீழ்ந்தது நன்று.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். துரையின் உத்தரவை மீறிச் சோறிட்ட மிராசுதார்களும் உண்டு. அவர்கள் சாதியின் உத்தரவை மீறினரா? இதே தஞ்சைத் தரணியிலே பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் அன்றும் நடந்துகொண்டுதான் இருந்தன. அவற்றை நிறுத்துவதாக ஒப்பந்தம் எழுதப்பட்டது 1944இல், இதே மன்னார்குடியிலே. அதுவும் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ்ச் சங்கம் கண்டு போராடிய பின்னரே! வெள்ளையன் தொலைவிலிருந்து இட்ட கட்டளையை மீற முடிந்தவர்க்கு, தம் பாட்டன் இட்ட கட்டளையை மீற நெஞ்சு வரவில்லை. பின்னதை மீறினால் சிறையில்லை. இழப்பு மட்டும் உண்டு.

அந்தச் சாட்டையைக் கையிலெடுத்தவர் எல்லா இடத்திலும் மிராசுதாரே அல்லர். காரியக்காரனும் தலையாரியும் எடுத்தனர். அவர்களும் ஏழைகள்தாம். "ஆண்டை உத்தரவு" என்றே அவர்களும் சொல்லியிருப்பர்.