அப்போது நினைப்பவர் யார்?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள இந்தப் பண்ணைப்புரத்தில் எம்பெருமானின் உத்ஸவத்தை ஸேவிக்கத் திரண்டிருக்கும் பாகவதர்களுக்கு அடியேனின் தண்டம். கம்பத்தில் கம்பராயப் பெருமாளை ஸேவித்துவிட்டு நேரே இங்கு வந்தவர்களும் உங்களில் இருக்கக்கூடும்.

சென்ற உத்ஸவத்தில், புறப்பாடு முடிந்து தீர்த்தமும் சடாரியும் ஸாதித்துக்கொண்டிருந்த வேளையில், பெரியவர் ஒருவர் அடியேனைத் தனியே அழைத்தார். "ஸ்வாமி, என் தாயார் அறுபது வருஷம் நாள் தவறாமல் விஷ்ணு ஸஹஸ்ரநாமம் சொன்னவர்கள். கடைசி இருபது நாள் பக்கவாதத்தால் நினைவின்றிக் கிடந்தார்கள். ஒரு தடவைகூட 'நாராயணா' என்று அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. என்ன கதி அடைந்திருப்பார்கள்?" என்றார். கண்களில் நீர் தளும்பிற்று. அன்று அடியேன் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதவில்லை என்பதை அவர் முகமே காட்டிற்று. ஓராண்டு கழித்து இந்த மலரின் வாயிலாக விடை சொல்ல முயல்கிறேன்.

நாம் அறிந்து நினைப்பது மட்டுமே மனத்தின் தொழில் என்று எண்ணிவிடுகிறோம். இந்த ஊரே அதற்கு மறுப்பு. 1943ஆம் ஆண்டு இங்கே பிறந்த இளையராஜா அவர்கள், தமையனார் பாவலர் வரதராசனாரின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். இசையின் இலக்கணத்தைச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகக் கற்றது அதற்குப் பின்னர்தான். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது தமிழ்நாடு கேட்டது கிராமத்தின் குரலை. பாட்டின் இலக்கணம் அறியாத சிறுவனின் செவிக்குள் யாரும் கணக்கு வைக்காமல் போய்ச் சேர்ந்தவை எத்தனையோ! பஜனை கோஷ்டியில் ஆர்மோனியம் வாசிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த கட்டை எது என்று யோசிக்கத் தொடங்கினால் தாளம் தவறிவிடும் என்பார்.

நவீன வைத்திய சாஸ்திரமும் இதனைச் சோதித்து அறிந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்குக் கடும் வலிப்பு நோய். அதைத் தணிக்க 1953இல் அவருடைய மூளையின் இருபுறமும் நினைவைப் பதிக்கும் பகுதிகளை அகற்றினர். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன்பின் கண்டவர், கேட்ட சொல், உண்ட உணவு எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற அம்மையார், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நக்ஷத்திர வடிவத்தைப் பென்சிலால் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். மூன்று நாட்களில் அவர் கை நன்கு தேறிவிட்டது. அவரோ அந்தப் பயிற்சியைச் செய்ததாகவே நினைவில்லை என்றார். மனிதர் மறந்தார், கை மறக்கவில்லை. 2008இல் மறையும் வரை அவர் அந்நிலையிலேயே இருந்தார்.

நம் பெரியோர் இதனை 'வாஸனை' என்றனர். ஆயினும் வாஸனையைச் சொன்னால் பெரியவரின் அச்சம் தீருமா? கூடத்தான் செய்யும். ஸ்ரீபாகவதத்தில் பரத மஹாராஜர் அத்தனை தவம் செய்தும், வளர்த்த மான்குட்டியை எண்ணி உயிர் நீத்து மானாகவே பிறந்தார். அஜாமிளனோ மகனைக் கூப்பிடும் எண்ணத்தில் திருநாமத்தைச் சொல்லி யமதூதர்களிடமிருந்து தப்பினான். இருவருக்கும் கடைசிக் கணத்தில் நினைக்க ஒரு மனமாவது இருந்தது. நினைவே அற்றுக் கிடந்த தாயாருக்கு?

2006இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏட்ரியன் ஓவன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். சாலை விபத்தில் அடிபட்டு, ஐந்து மாதமாக உணர்வற்றவளாகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாக மனத்தில் எண்ணிக்கொள் என்றனர். விரலும் அசையவில்லை. ஆனால் மூளையைப் படமெடுக்கும் கருவியில், நலமுள்ளவர்கள் அவ்வாறு எண்ணும்போது விழிக்கும் அதே பகுதி விழித்தது! நோயாளிக்கு எதுவும் கேட்காது என்று துணிந்து படுக்கையருகிலேயே சொத்துப் பங்கீடு பேசும் உறவினர்களுக்கு இச்செய்தியைச் சொல்ல வேண்டும். செவியருகே திருநாமம் சொல்லும் நம் வழக்கத்தை மூடப்பழக்கம் என்று தள்ளுவதற்கும் இனி இடமில்லை.

எனினும் இந்த விஞ்ஞானத்தின் மேல் அதிகப் பாரத்தை ஏற்றலாகாது. இத்தகைய சோதனைக்கு உட்பட்ட 54 பேரில் ஐவர் மட்டுமே அவ்வாறு பதிலிறுத்ததாக 2010இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. மற்றவர்களின் நிலை என்ன? பெரியவரின் தாயார் அந்த ஐவரைப் போன்றவரா, ஏனையோரைப் போன்றவரா? வாஸனையும் மூளையிலேயே தங்குவதென்றால், மூளை பழுதானால் அதுவும் கரைந்துபோகுமே! அதை நம்பித்தானா அறுபது வருஷம் சொன்னார்கள்?

இங்கேதான் வராஹப் பெருமானின் திருவாக்கு நமக்குத் தஞ்சமாகிறது. பூமிப்பிராட்டி கேட்டது ஏறக்குறைய பெரியவர் கேட்ட கேள்வியையேதான். மனமும் உடலும் நலமாயிருக்கும் காலத்தில் ஒருவன் தன்னை நினைத்தானாகில், அவன் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும் காலத்தில் தானே அவனை நினைத்துப் பரமபதம் சேர்ப்பதாகப் பெருமான் அருளிச்செய்தான். இதனையே வராஹ சரம ச்லோகம் என்கிறோம். ஸ்வாமி தேசிகன் இதற்கென்றே 'ரஹஸ்ய சிகாமணி' என்ற கிரந்தத்தை ஸாதித்தருளினார். இறுதி வேளையில் தம்மால் இயலாது போகலாம் என்று பெரியாழ்வாரும் அரங்கனிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துக்கொண்டார். அந்திமக் காலத்தில் நினைக்க வேண்டிய பொறுப்பு ஜீவனிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டதைக் கவனிக்க வேண்டும். நினைப்பவன் பெருமான். அவனுக்குப் பக்கவாதம் ஏது?

பெரியவரே, உங்கள் தாயார் அந்த இருபது நாளும் ஒன்றும் நினைக்காமலே இருந்திருக்கலாம். அதனால் குறை ஏதுமில்லை. அவர்கள் பாராயணம் செய்த புத்தகத்தைப் பார்க்க மனம் தாங்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டதாக அன்று சொன்னீர்கள். இம்முறை வரும்போது அதை எடுத்து வாருங்கள். சாற்றுமுறை ஆனதும் கோஷ்டியில் உமக்குப் பக்கத்தில் அமர்ந்து அடியேனும் அதிலிருந்தே ஸேவிக்கிறேன்.

அடியேன் ராமாநுஜ தாஸன்