வயதின் மேல் பழி போடாதீர்கள்



"அம்மாவுக்குக் கோயில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயதாகிவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். முதுமை சர்வேசுரனுடைய சித்தம். வியாதிக்கு முதுமையென்று பெயர் சூட்டிவிட்டுச் சும்மா இருப்பதோ அவர் சித்தமல்ல.

இருதயத்திலிருந்து சரீரமெங்கும் இரத்தம் புறப்படும் வாசலில் ஒரு வால்வு உண்டு. 3 அல்லது 4 சதுர சென்டிமீட்டர் திறக்கவேண்டிய அது, முதுமையில் சுண்ணாம்பு படிந்து, 1 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவாய் ஒடுங்கிப்போவதுண்டு. அப்போது மூச்சுத் திணறும், மார்பு வலிக்கும், மயக்கம் வரும். இவ்வடையாளங்கள் தோன்றியபின் வால்வை மாற்றாமல் விட்டால், ஏறக்குறையப் பாதிப்பேர் 2 வருஷத்துக்குள் மரிக்கிறார்கள். மாத்திரை திணறலைத் தணிக்கும், வால்வைத் திறவாது.

முன்னே மார்பைத் திறந்து வால்வை மாற்றுவதே வழி. தளர்ந்த முதியோர் பலர் அதைத் தாங்கமாட்டார்கள். பிரான்ஸ் தேசத்து வைத்தியர் அலேன் கிரிபியே 1985-ல் பலூனால் வால்வை விரித்தார். சில மாதங்களில் அது மறுபடியும் ஒடுங்கிற்று. 17 வருஷம் சென்று, 2002 ஏப்ரல் 16-ந் தேதி, அறுவைக்கு ஆகாதவரென்று விடப்பட்ட 57 வயது நோயாளிக்கு, இரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைப் பொருத்தினார். இன்று பெரும்பாலும் தொடையிடுக்கின் வழியே இது நடக்கிறது. பலர் சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள். சென்னையிலும் செய்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகளே, ஒரு லீவு நாளில் பெற்றோரை திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, ரயிலேறி சென்ட்ரல் எதிரேயுள்ள அரசுப் பொது ஆஸ்பத்திரிக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஸ்டெதாஸ்கோப்பிலேயே பெரும்பாலும் குறை கேட்கும். எக்கோ பரிசோதனை நிச்சயப்படுத்தும்.

இச்சிகிச்சைக்குப் பல லட்சம் செலவாகலாம். எல்லாச் சரீரத்துக்கும் அது பொருந்தாது. சாதாரண வழிகளால் உயிரைக் காப்பது கடமை, மிஞ்சின பாரமாகும் வழிகளுக்குக் கடமையில்லை என்று 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1957 நவம்பர் 24-ந் தேதி வைத்தியர்களுக்குப் போதித்தார். ஆகையால் வீட்டை விற்று வைத்தியம் பார்க்க முடியாத மகன் பாவியல்ல. பரிசோதனைக்குக்கூட அழைத்துப்போகாதவனோ 4-ம் கற்பனைக்கு என்ன உத்தரவு சொல்வான்?

முதியோரே, பிள்ளைகளுக்குப் பாரமாவோமென்று நோவை மறைக்காதிருங்கள். வைத்தியனும் சர்வேசுரனுடைய ஏற்பாடென்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. நோயிற்பூசுதல் மரணத்தறுவாய்க்கு மாத்திரமல்ல. ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் சொல்லியனுப்புங்கள், வருகிறேன்.

உங்கள் பங்குக் குரு