உறங்காதவள் நல்லவளா?

குறுந்தொகையின் 28ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சிரிப்பலை எழும். ஔவையார் பாடல் அது. தன் நோய் அறியாமல் ஊர் உறங்குகிறதே என்று பொறுக்கமாட்டாத ஒருத்தி, இந்த ஊரை முட்டலாமா, அடிக்கலாமா, ஏதாவது சாக்கு வைத்துக் கூவலாமா என்று தடுமாறுகிறாள். பாலைத் திணை, தலைவி கூற்று, பிரிவாற்றாமை என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம்தான். எனக்கோ அந்தப் பாட்டில் பிரிவைவிட ஊரின் உறக்கமே பெரிதாகப் படுகிறது. எல்லோராலும் தூங்க முடிகிறது, தன்னால் மட்டும் முடியவில்லை என்பதில் உள்ள அநீதியை அவள் கண்டுகொண்டாள்.

நம் மரபில் உறங்காமைக்கு ஒரு பெருமையும் உண்டு. வனவாசம் முழுதும் கண் துஞ்சாமல் காவல் நின்றதற்காக இலக்குவன் போற்றப்படுகிறான். தெலுங்குப் பெண்களின் பாட்டு மரபில் மட்டும் கதை சற்றுத் திரும்புகிறது. அங்கே அவன் மனைவி ஊர்மிளை அந்த 14 ஆண்டுகளும் தூங்குகிறாள். அதைக் கட்டிய பெண்கள் எவ்வளவு களைத்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. நம் வீடுகளிலோ பெண்பிள்ளை ஏழு மணி வரை படுத்திருந்தால் கும்பகர்ணன் பெயர்தான் கிடைக்கும்.

எனவே கேள்வி இது: உறங்காமல் கவலைப்படுவது அன்பின் ஒரு வடிவமா? வீட்டில் ஒருவர் வலியில் இருக்கும்போது நிம்மதியாகத் தூங்குகிறவள் அன்பில் குறைந்தவளா?

சென்ற ஆண்டு அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்தபின் மூன்று மாதம், இரவில் நாலைந்து முறை ஒருவர் எழ வேண்டும். பெட்பான் வைக்க, திருப்பிப் படுக்கவைக்க, சில சமயம் வெறுமனே பக்கத்தில் உட்கார. அத்தை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "அவன் தூங்கட்டும்மா, காலையில வேலைக்குப் போகணும்ல." எனக்கும் காலை ஒன்பதரைக்கு முதல் வகுப்பு. இது அவருக்குத் தெரியாததல்ல. வேலைக்குப் போகிற ஆணின் தூக்கம் வீட்டின் சொத்து. பெண்ணுடையது தேவைப்படும்போது எடுத்துச் செலவழிக்கிற அஞ்சறைப்பெட்டிக் காசு.

அந்த மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். அத்தை அயர்ந்து தூங்கிய இரவுகளிலும் நான் விழித்திருந்தேன். நாளை பிசியோதெரபி செய்ய வருகிறவர் வருவாரா, மகளின் ப்ளஸ் டூ தேர்வுக் கட்டணம், கல்லூரித் தரச்சான்றுக் குழு கேட்ட கோப்பு எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். மனம் அபாயம் என்று சொல்லிவிட்டால் உடல் அதை நம்பிவிடுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், எந்தச் சத்தத்துக்கும் காது நீளும். புலிக்குப் பயந்து விழித்த அதே உடல்தான் தேர்வுக் கட்டணத்துக்கும் விழிக்கிறது. போதாக்குறைக்கு நாற்பதுகளில் மாதவிடாய் நிற்கப்போகிற காலத்தின் திடீர் வெக்கையும் வியர்வையும் வேறு. இதை நம் அம்மாக்கள் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இரவுப் பணி பார்க்கும் செவிலியரும் விழித்துத்தான் இருக்கிறார். ஆனால் காலையில் இன்னொருவர் வந்து பொறுப்பேற்பார். இவர் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். காவலுக்கு முறை உண்டு, கவலைக்கு இல்லை. நோயாளிக்குத் தேவைப்படுவது ஒருவருடைய விழிப்பு. அது யாருடையதாகவும் இருக்கலாம். என் கவலையால் அத்தையின் எலும்பு ஒரு நாள்கூட முன்னதாகக் கூடவில்லை. இரண்டையும் ஒன்றாக முடிந்துவைத்து 'பொறுப்பானவள்' என்று பெயர் சூட்டியதில்தான் சூது இருக்கிறது.

தூக்கமின்மைக்கு அறிவியல் சொல்லும் வழிகள் நல்லவைதான். 1970களில் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது: படுத்துச் சுமார் இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்புங்கள். எந்த அறைக்கு? ஒரே கூடத்தில் ஐந்து பேர் பாய் விரிக்கும் வீட்டில் விளக்கைப் போட முடியாது. எனக்கு வாய்த்த வேறு அறை அடுக்களைதான். அங்கே விளக்கெரிந்தால் யாராவது எட்டிப் பார்த்து, "முழிச்சுட்டியா? அப்படியே ஒரு காபி போடேன்" என்பார்கள். மாலை ஆறு மணிக் காபியில் ஏறக்குறைய பாதி இரவு பதினொன்றுக்கும் உடலில் இருக்கும் என்பது தெரிந்தும், இதில் காபி வேறு.

எனக்குக் கைகொடுத்தது எழுத்து. கவிதையல்ல, பட்டியல். பேய்லர் பல்கலைக்கழக ஆய்வொன்று 2018இல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட இனிச் செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் உறங்கினார்கள். நானும் எழுதினேன். முதல் நாள் பதினேழு வரி. அவற்றில் நான் மட்டுமே செய்யக்கூடியவை நான்கு. தாளை என் இணையரிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்றார். சொல்லவேண்டியிருப்பதும் ஒரு வேலை என்று அதைப் பதினெட்டாவது வரியாக எழுதினேன்.

இரவை இரண்டாகப் பிரித்தோம். பத்திலிருந்து இரண்டு வரை அவர், பிறகு நான். அத்தை பழக்கத்தில் என்னையே கூப்பிட்டார். "நான் இருக்கேம்மா." "உனக்கு வேலை இருக்குல்லடா." "அவளுக்கும்தான்." சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தேன். முறை மாறியும் காது மாற மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் என் முறை வரும்வரை நான்கு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கி எழுந்தபோது ஏதோ திருடிவிட்ட மாதிரி இருந்தது. அந்தக் குற்றவுணர்வை மனசாட்சியின் குரல் என்று நான் ஏற்கவில்லை. அது பயிற்சி.

உறக்கம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னது. டெல்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை நள்ளிரவில் காவல்துறை கலைத்த வழக்கு அது. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021இல் சட்டமாக்கியது. வீட்டுக்குள் படுக்கும் உரிமைக்கு யாரிடம் போவது? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். படுத்தபடி செய்யும் கவலை அந்தக் கணக்கில் வராது.

தோழிகளே, வாரத்தில் மூன்று இரவு என மூன்று மாதம் தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். பட்டியல் எல்லாவற்றையும் தீர்க்காது.

அத்தை இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். போன வாரம் அவரிடம், கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினீர்கள் என்று கேட்டேன். பதினேழு வயதில் கல்யாணமாகி வந்த தெருவில் அதிகாலை மூன்று மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வருமாம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுத்தாலும் காது குழாயிலேயே இருக்குமாம். வீட்டுக்குள் குழாய் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்று மணிக்கு அவருக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது.