எழுதிக் கொடுத்த வாக்கு யாருடையது?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். மேடையில் ஒருவர் மக்களுக்கு வாக்குக் கொடுக்கிறார். அந்த வரியை எழுதிக் கொடுத்தவரோ கூட்டத்துக்குப் பின்னால் நின்று தே தாரே குடித்துக்கொண்டிருக்கிறார். வாக்குப் பொய்த்துப் போனால் பாவம் யாரைச் சேரும்?

இது எனக்குச் சும்மா தோன்றிய கேள்வி இல்லை. 2022 நவம்பர் 19, 15-வது பொதுத் தேர்தல். 18 வயதானவர்கள் முதன்முறையாக ஓட்டுப் போட்ட பொதுத் தேர்தல் அது. நான் அப்போது சிவில் எஞ்சினியரிங் முதலாண்டு. தமிழ்ப்பள்ளிக் காலத்தில் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன் என்பதால், குடும்பத்துக்குத் தெரிந்த ஓர் அண்ணன், "தம்பி, நம்ம வேட்பாளர் செராமாவுல பேச அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு எழுதிக் குடுடா" என்றார்.

எங்கள் தாமான் கிள்ளானில் தாழ்வான பகுதி. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால், லோங்காங் தண்ணீர் ஆற்றுக்குப் போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்துவிடும். அதை வைத்து எழுதினேன்: "இன்னும் ஆறே மாதத்தில் இந்தத் தாமானுக்குள் வெள்ளம் வராது!" அன்றைக்கு அந்த வரிக்குத்தான் பெரிய கைத்தட்டல்.

ஆனால் அது நடக்காது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். மதகு, பம்ப், வடிகாலை அகலப்படுத்துவது, நகராண்மைக் கழகம், வடிகால் நீர்ப்பாசன இலாகா என்று எத்தனை படிகள்! ஆறு மாதத்தில் அளவெடுத்து முடித்தாலே பெரிது. "அரசியல்ல இதெல்லாம் சகஜம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் 200 வெள்ளி கிடைத்தது. வேட்பாளர் தோற்றுவிட்டார். அதனால் அந்த வாக்கைச் சோதித்துப் பார்க்கும் நிலையே வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இதையே பெரிய தொழிலாகச் செய்தவர்களைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். இந்தியாவில் பிரசாந்த் கிஷோர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியும். பொதுச் சுகாதாரத் துறையில், ஐ.நா. சார்ந்த பணியில் இருந்தவர். 2014-இல் நரேந்திர மோடியின் பிரச்சாரத்துக்கு வியூகம் வகுத்தார். அடுத்த ஆண்டே பீகாரில் மோடியின் கட்சியை எதிர்த்து நின்ற நிதிஷ் குமாருக்கு வேலை செய்தார். 2021-இல் மேற்கு வங்காளத்தில் மம்தா பானர்ஜி, தமிழ்நாட்டில் மு.க.ஸ்டாலின், இருவருக்குமே அவருடைய ஐபேக் நிறுவனம் வேலை செய்தது. இரண்டு இடத்திலும் வெற்றி. தி.மு.க. மட்டும் 133 இடங்களைப் பிடித்தது. முடிவுகள் வந்த மே 2 அன்றே, இந்த வேலையை விடுகிறேன் என்று அறிவித்தார்.

பிறகு 2024-இல் 'ஜன் சுராஜ்' என்று சொந்தக் கட்சி தொடங்கினார். 2025 நவம்பரில் பீகார் தேர்தல். 243 தொகுதிகளில் ஒன்றில்கூட அந்தக் கட்சி ஜெயிக்கவில்லை. இதைச் சொல்லி அவரைக் கேலி செய்ய நான் வரவில்லை. அடுத்தவருக்கு ஜெயிக்கும் வார்த்தைகளைக் கொடுப்பது வேறு, தன் வாக்குறுதிகளைத் தன் பெயரில் சுமந்துகொண்டு மக்கள் முன் போய் நிற்பது வேறு. இரண்டாவதுதான் கஷ்டம். அதைச் செய்து பார்த்தாரே என்ற மரியாதை எனக்கு உண்டு.

நம் நாட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது. 2018-இல் மூடப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனம், 2013 பொதுத் தேர்தலில் கெடாவில் பாரிசான் நேசனலுக்கு உதவியதாகத் தன் இணையத்தளத்தில் போட்டிருந்தது. நமது பிரதமர் அலுவலகமோ அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை என்று மறுத்தது. யார் சொல்வது சரி என்ற சண்டைக்கு நான் போகவில்லை. தன் காதில் விழுந்த பேச்சை எழுதியது யார் என்று ஓட்டுப் போட்டவருக்குத் தெரிய வழியே இல்லை. என் கவலை அதுதான்.

என் படிப்பில் அப்படி இல்லை. 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டப்படி, கட்டட வரைபடத்தில் பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் மேம்பாட்டு நிறுவனத்தோடு பொறியாளரையும் நீதிமன்றம் பொறுப்பாக்கியது. "முதலாளி சொன்னார், வரைந்தேன்" என்று அங்கே தப்பிக்க முடியாது. பேச்சு எழுதுபவன் மட்டும் ஏன் தப்பிக்க வேண்டும்?

"வக்கீல் யாருக்காகவும் வாதாடலாமே, இவரும் அப்படித்தானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் கோர்ட்டில் எதிரே இன்னொரு வக்கீல் இருக்கிறார், மேலே நீதிபதி இருக்கிறார். செராமாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மக்களுக்கு அந்த நேரத்தில் பதில் பேச யாரும் இல்லை. கேட்டதை நம்பி வீட்டுக்குப் போகிறார்கள்.

அப்படியானால் அடுத்தவருக்காகப் பேசுவதே தப்பா? இல்லை. நம் அனுமனே சுக்ரீவனுக்காகப் பேசப் போனவர்தான். அந்தப் பேச்சைக் கேட்டு இராமரே வியந்தார். கம்பர் அவரைச் 'சொல்லின் செல்வன்' என்கிறார். இந்த இடத்தை நாம் எல்லாரும் சொல்வோம். அடுத்து நடந்ததைத்தான் பலர் சொல்வதில்லை. வாலி இறந்து, சுக்ரீவன் முடிசூடி, மழைக்காலமும் முடிந்தது. சீதையைத் தேடித் தருவதாகக் கொடுத்த வாக்கை மறந்து சுக்ரீவன் சுகத்தில் கிடந்தான். இலட்சுமணன் கோபத்தோடு வருவதற்கு முன்பே, "நேரம் வந்துவிட்டது, வாக்கைக் காப்பாற்று" என்று ராஜாவுக்கு நினைவூட்டியவர் அனுமன் என்கிறார் வால்மீகி.

எனக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. ஒருவருக்காகப் பேசலாம், எழுதலாம். ஆனால் ஜெயித்த பிறகு அவர் முன்னால் போய் நின்று, "இதைச் சொன்னீங்களே" என்று கேட்கும் தைரியம் இருக்கும் வாக்கை மட்டுமே எழுத வேண்டும். கேட்க முடியாததை எழுதினால் அதில் நமக்கும் பங்கு உண்டு. காசு வாங்கினாலும் உண்டு, வாங்காவிட்டாலும் உண்டு.

போன வருடம் மறுபடி வெள்ளம். பக்கத்து வீட்டு ஆன்டி நனைந்த மெத்தையை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஆறு மாசத்துல சரி பண்றேன்னாரே, அதுக்காகத்தான் அவருக்கு ஓட்டுப் போட்டேன். அவர் ஜெயிச்சிருந்தா இப்படி ஆயிருக்காது, இல்லப்பா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "ஆன்டி, அதை எழுதினது நான்தான். நடக்காதுன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அப்ப நீயே வந்து அந்த லோங்காங்கப் பாரு. அதத்தானே படிக்கிற?" என்றார்.

போய்ப் பார்த்தேன். இரண்டு கூட்டாளிகளோடு அகலம், ஆழம் அளந்தோம், எங்கே மண் அடைத்திருக்கிறது என்று படம் எடுத்தோம். மாநகர் மன்றத்துக்கு மலாயில் இரண்டு பக்கக் கடிதம் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை. மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறேன்.

இப்போது இறுதியாண்டு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, முழுநேரப் பிரச்சார வேலைக்கு ஒருவர் என்னைக் கூப்பிட்டார். புதிதாகச் சேரும் பொறியாளருக்குக் கிடைப்பதைவிடச் சம்பளம் அதிகம். அப்பாவின் வண்டிக் கடனை நினைத்துப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. "எழுதுறேன் அண்ணே. ஆனா நடக்காதுன்னு தெரிஞ்சத எழுத மாட்டேன். ஜெயிச்சதுக்கு அப்புறமும் வந்து கேப்பேன்" என்றேன். சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அவர் யோசிக்கட்டும். நாளைக்கு உங்களில் யாரிடமாவது ஓர் அண்ணன் வந்து, "தம்பி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்று கேட்கலாம். எழுதுங்கள். எழுதி முடித்ததும் கீழே உங்கள் பெயரை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கை கூசினால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.